சேமக்காலைக்கு ஒரு டிக்கெட்

யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் ஒரு தேநீர்க் கடைக்காரரோடு சண்டை போட்டதுதான். டீ கேட்டேன். பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் ஒரு கறுப்புத் தண்ணீரையும், பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டியையும் வைத்துவிட்டுப் போனார். கட்டியைத் தூக்கி டம்ளருக்குள் போட்டேன். அது கரைவேனா என்றது. "என்னய்யா இது, இனிப்பே இல்லை?" என்று சத்தம் போட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ அண்ணை, அதைக் கடிச்சுக் கடிச்சுக் குடிக்கிறதெல்லோ! உள்ளுக்கை போட்டுட்டியளே" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் பேசாமல் இன்னொரு டம்ளரும் இன்னொரு கட்டியும் கொண்டுவந்து வைத்தார்.

நான் ஓவர்சியர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வீடு. பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அளவெடுத்தே காலம் தள்ளியவன். கடல் தாண்டி ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. அறுபதுகளின் பின்பாதியில் ஒரு மாசி மாதம் நான் கிளம்பிப் போனது என் அண்ணனைக் கையோடு கூட்டிவர. "கழுத்தைப் பிடிச்சாவது இழுத்துக்கிட்டு வா. நான் கண்ணை மூடறதுக்குள்ள அவன் மூஞ்சியை ஒரு தடவை பாத்துடறேன்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

அண்ணன் சாமிநாதன் சுதை வேலைக்காரன். அப்பாவோடு சேர்ந்து கோபுரங்களில் பொம்மை பிடித்தவன். நான் படித்தேன், அவன் சாரத்தில் ஏறினான். எனக்கு உத்தியோகம் கிடைத்த புதிதில் ஒருநாள் ஏதோ சேதி சொல்ல என் ஆபீசுக்கு வந்தான். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. மேலதிகாரி பார்க்கிறாரே என்ற வெட்கத்தில், "இந்தக் கையோட இங்கெல்லாம் வராதே" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். அடுத்த மாதம் வேதாரண்யத்தில் தோணி ஏறி வல்வெட்டித்துறையில் இறங்கிவிட்டான் என்று தகவல் வந்தது. நல்லூர்ப் பக்கம் ஏதோ ஒரு கோவிலில் கோபுர வேலையாம். பாஸ்போர்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படிப் போனவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

மூன்று வருஷம் தோணிக்காரர்கள் மூலமாக வாய்வார்த்தையாகச் சேதி வந்துகொண்டிருந்தது. நல்லூர் வேலை முடிந்து, கடற்கரைப் பக்கம் ஒரு மாதா கோவிலில் வேலைக்குப் போயிருக்கிறான் என்பது கடைசியாக வந்த சேதி. அதற்குப் பிறகு தபாலில் ஒரே ஒரு கடிதம், யாரோ ஒருவர் கையெழுத்தில். "தங்கள் தமையனார் சாமிநாதன் எங்கள் கோயில் சேமக்காலையில் இருக்கிறார். தனியே விட்டுவிட்டோம் என்று கவலைப்பட வேண்டாம். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்." அவ்வளவுதான்.

சேமக்காலை என்றால் என்னடா என்று அம்மா கேட்டாள். எனக்குத் தமிழில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சேமம் என்றால் பத்திரம். காலை என்றால் தொழுவம், கொட்டகை. ஆகவே சாமான்களைப் பத்திரமாக வைக்கிற கொட்டகை, நம் ஊர் ஸ்டோர் மாதிரி என்று பதம் பிரித்துச் சொன்னேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், பெரியவன் சிலோனில் கோவில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறான் என்று.

அப்படியே ஒன்பது வருஷம். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, நடுவில் எப்போதெல்லாம் மனசு கேட்கவில்லையோ அப்போதெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "சிரஞ்சீவி சாமிநாதனுக்கு" என்று தொடங்கும். "ஏண்டா வரமாட்டேங்கறே, பெத்தவளை மறந்துட்டியா, உன் கட்டில் வெறுமனே கெடக்குடா, ஒரு நாள் கனவுலயாவது வந்து நில்லுடா" என்று போகும். விலாசம்: சாமிநாதன், சேமக்காலை, இன்ன கோவில், இன்ன ஊர். ஒன்றுக்கும் பதில் இல்லை, ஒன்றும் திரும்பி வரவும் இல்லை. "போய்ச் சேருதுடா. உன் மேல உள்ள கோபத்துலதான் அவன் பதில் போடலை" என்பாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. அதனால்தான் பாஸ்போர்ட்டுக்கு நடையாய் நடந்து நானே கிளம்பினேன். காலில் விழுந்தாவது கூட்டிவந்துவிடுவது என்று.

கடற்கரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும்தான். ஆனால் இடம் தவறிவிடக்கூடாதே என்று, "சேமக்காலைக்கு ஒரு டிக்கெட்" என்றேன்.

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு இப்ப என்ன அவசரம் அண்ணை? எல்லாரும் ஒருநாளைக்குப் போறதுதானே. டிக்கட்டும் வேண்டாம்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. பின் சீட்டில் ஒரு அம்மா மட்டும், "சும்மா இருங்கோ. பாவம், உவர் ஆரேன் செத்த வீட்டுக்குப் போறாராக்கும்" என்று யாரையோ அதட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு வெளியூர்க்காரனைக் கண்டால் கிண்டல் என்று நினைத்து, நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

சண்டிலிப்பாய் தாண்டுவதற்குள் பஸ் நின்றுவிட்டது. எஞ்சினிலிருந்து ஆவி. டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார். நாங்கள் எல்லோரும் இறங்கி நின்றோம். சிவப்பு மண். புகையிலை இடுப்பளவு நின்றது. காவேரிக்கரையில் பிறந்தவனுக்கு ஆறே இல்லாத ஊர் அதிசயமாக இருந்தது. இவ்வளவு பச்சையையும் கிணற்றில் மொண்டு மொண்டே வளர்த்திருக்கிறார்களே! வேலிகளெல்லாம் பனையோலை, கோடு போட்டாற்போல. ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்டு, கும்பகோணம் என்றதும், வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும் பற்றி அரை மணி நேரம் விசாரித்தார். அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் என் கோபம் கொஞ்சம் ஆறியது.

கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சி. ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். என் முட்டாள்தனத்துக்கு அந்த ஊர் பொறுப்பில்லை.

பனைகளுக்கு மேலே முதலில் கோபுரம் தெரிந்தது. எங்கள் ஊர்க் கோபுரம்போல அகலமாகத் தொடங்கிக் கூம்புவது அல்ல. சதுரமாக நேரே எழும்பி, உச்சியில் நாலு மூலைக்கும் நாலு கூர்முனை. கிட்டப் போனதும் வாசல் வளைவு. இரண்டு பக்கமும் வளைந்து வந்து உச்சியில் கூராகச் சேரும் வளைவு. ஓவர்சியர் படிப்பில் படம் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். கோதிக் முறை என்று வாத்தியார் சொல்லித் தந்தது. அரைவட்ட வளைவு சுவரை இரண்டு பக்கமும் பிதுக்கும், கூர்வளைவு பாரத்தைக் கீழே இறக்கிவிடும், மிச்சத்தை வெளியே உள்ள முட்டுச் சுவர்கள் தாங்கும். இடது பக்கத்துக் கோபுரம்தான் முழுசு. வலது பக்கம் ஆள் உயரத்துக்கு எழும்பி, அப்படியே மொட்டையாக நின்றது. வேலையை அரைகுறையாக விட்டிருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கோவில் வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பாய்களை உதறிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பெயர் சவிரிமுத்து, பாதிரியாருக்கு உதவியாக அந்தக் கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் என்று பிறகு தெரிந்தது. நான் இந்தியாவிலிருந்து வருகிறேன், சாமிநாதனுடைய தம்பி என்றேன். பாய் அவர் கையிலிருந்து விழுந்தது.

"சாமிநாத மேசன்ரை தம்பியே? வாங்கோ, வாங்கோ!" என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "ஆரேன் ஒருத்தர் வருவியள் வருவியள் எண்டு கனகாலம் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

இவ்வளவு பாசமாக இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். "அண்ணன் சேமக்காலையிலதானே இருக்கான்?" என்றேன்.

"ஓம், பின்னுக்குத்தான். முதல் தேத்தண்ணி குடியுங்கோ. பேந்து கூட்டிக்கொண்டு போறன்."

"டீயெல்லாம் அப்புறம். இப்பவே போகலாங்க. சாயங்கால பஸ்ஸுக்கு அவனையும் கூட்டிட்டுக் கிளம்பணும்."

உபதேசியார் என் முகத்தையே பார்த்தார். "தம்பி, என்ன கதைக்கிறியள்?"

"கதையெல்லாம் இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன். எங்கம்மா கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கு."

அவர் என் கையை விடாமல் கோவிலின் தெற்குப் பக்கமாக நடந்தார். நான் வழியெல்லாம் முட்டுச் சுவர்களை எண்ணிக்கொண்டு வந்தேன். எட்டு. காரை பெயர்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "கடல் உப்பு ஏறியிருக்கு. அண்ணன்கிட்ட சொல்லியிருந்தா கடுக்காய்த் தண்ணி விட்டுப் பூசியிருப்பானே" என்று பெருமையடித்துக்கொண்டேன். கோவிலைச் சுற்றிப் பின்பக்கம் வந்ததும் ஒரு இரும்புக் கேட். உள்ளே வெயிலில் வரிசை வரிசையாகச் சிலுவைகள்.

"இது கல்லறைத் தோட்டமாச்சே. ஸ்டோர் எங்கே?" என்றேன்.

"தம்பி," என்றார் உபதேசியார், "இதுதான் சேமக்காலை."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கேட்டைப் பிடித்துக்கொண்டேன், இரும்பு சுட்டது. ஒன்பது வருஷம் என் அண்ணன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான். நான் பதம் பிரித்துப் பொருள் சொல்லியிருக்கிறேன்.

கிழக்கு மூலையில், ஒரு பூவரச மரத்தின் கீழ் இருந்தது. சுற்றிலும் கடலில் எடுத்த முருகைக்கல் பதித்து, தலைமாட்டில் ஒரு கல்லில் 'சாமிநாதன்' என்று மட்டும் வெட்டியிருந்தது. சிலுவை இல்லை. "சிலுவை நாட்டலாமோ எண்டு அப்ப இருந்த சுவாமியைக் கேட்டனாங்கள். அவர் கேளாத சிலுவையை அவற்றை தலைமாட்டிலை வைக்கக் கூடாது எண்டு சொல்லிப்போட்டார்" என்றார் உபதேசியார். சுவாமி என்று அங்கே பாதிரியாரைச் சொல்கிறார்கள். "சைவச் சுடலையிலை எரிக்கலாம் எண்டும் யோசிச்சது. கொள்ளி வைக்க உரித்துக்காரர் ஆரும் இல்லை. கோயிலுக்காகச் செத்தவன், கோயில் காணியிலையே கிடக்கட்டும் எண்டு சனம் சொல்லிப்போட்டுது."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். உபதேசியார் பக்கத்தில் நின்று தன் சால்வையை என் தலைக்கு மேலே வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில்தான் தங்கினேன். அவர் மனைவி றோசம்மா ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே எல்லாம் என் கையெழுத்து. இருபத்து மூன்று கடிதங்கள், ஒன்றுகூடத் தவறவில்லை.

"வருசா வருசம் மரிச்ச ஆத்துமாக்களின்ரை நாளிலை சேமக்காலைக்கு எல்லாரும் மெழுகுதிரி கொண்டு போவினம். அண்டைக்கு நான் உங்கடை அண்ணற்றை தலைமாட்டிலை இருந்து இதை வாசிக்கிறனான்" என்றாள். "சுத்திவர நிண்டு பொம்பிளையள் எல்லாம் அழுவினம். என்ன மாதிரி ஒப்பாரி! 'ஒரு நாள் கனவிலையாவது வந்து நில்லடா' எண்டு எழுதியிருக்கிறாவெல்லோ, அந்த இடம் வந்தால் எனக்குக் குரல் எழும்பாது."

"இது ஒப்பாரி இல்லைங்க," என்றேன். "கடுதாசி."

அவளுக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டோர் கதையை, தெருவுக்குத் தெரிந்த கதையை, அம்மா காத்திருப்பதை. அவள் தகரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ரை மாதாவே! உசிரோடை இருக்கிற பிள்ளைக்கே அந்த மனுசி எழுதினது?"

"ஏன் நீங்க ஒரு வரி பதில் போடலை?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உரத்துத்தான் போயிற்று.

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். "முதல் கடிதம், அவர் சாரத்தாலை விழுந்ததையெல்லாம் விபரமா எழுதி, வேதாரணியம் போற வத்தைத் தோணியிலை குடுத்துவிட்டனான். அவர் களவாய் வந்தவரெல்லோ, தபாலிலை போடப் பயம். அது உங்களுக்குக் கிடைச்சது எண்டுதான் நினைச்சம். ஆறுதலுக்காக இரண்டாவது கடிதத்தைப் பிறகு தபாலிலை போட்டன். பேந்து உங்கடை கடிதங்கள் வரத் துவங்கினது. சேமக்காலை எண்டு விலாசம் போட்டு வந்தபடியால் தபால்காரன் என்னட்டைத் தந்தான். இந்தியாப் பக்கம் செத்தவைக்குக் கடிதம் போடுற வழக்கம் இருக்குதாக்கும் எண்டு நினைச்சம். சிரஞ்சீவி எண்டு வேறை போட்டிருந்தது. ஆத்துமாவுக்கு அழிவில்லை, அதுதான் அப்பிடி எழுதுகினம் எண்டு விளங்கிக்கொண்டம். செத்தவருக்கு வந்த கடிதத்துக்கு நாங்கள் என்னெண்டு தம்பி பதில் எழுதுறது?"

யாரைக் கோபிப்பது? அவர்கள் என் அண்ணனுக்கு ஒன்பது வருஷம் அழுதிருக்கிறார்கள். பெற்றவள் அழவில்லை, கூடப் பிறந்தவன் அழவில்லை. அழ வேண்டியவர்களுக்குப் பதிலாக ஊர்ப் பெண்கள் அழுதிருக்கிறார்கள். நான் இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை உபதேசியார் என்னைக் கோவிலுக்குள் கூட்டிப்போனார். அண்ணன் செய்த வேலையைக் காட்ட வேண்டும் என்றார். நான்தான் முதலில் கட்டடத்தின் கதையைக் கேட்டேன். நேரே அந்த வேலையைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் அங்கே கிடுகு வேய்ந்த கொட்டில்தானாம். பிறகு பிரான்சிலிருந்து ஒரு சுவாமி வந்திருக்கிறார். அவருடைய செபப் புத்தகத்துக்குள் அவர் பிறந்த ஊர்க் கோவிலின் படம் ஒன்று இருந்தது, உள்ளங்கை அளவு. 'இதைப்போல' என்று ஊராருக்குக் காட்டினார். கடலுக்குப் போகிற ஒவ்வொரு வள்ளமும் மீனோடு கல்லும் கொண்டுவர வேண்டும் என்று கட்டளை. கூர்வளைவு கட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. சுவாமியே கடற்கரை மணலில் இரண்டு முளை அடித்து, கயிறு கட்டி, இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்கிற இடத்தைக் காட்டினாராம். என் வாத்தியார் கரும்பலகையில் போட்டதும் அதேதான்.

"கடல் கல்லு இரண்டு மாரி மழையிலை நனைஞ்சு உப்புப் போகோணும். சுவாமிக்கு அவசரம். தெற்குச் சுவரை ஒரு மாரியோடை எழுப்பிப்போட்டார். அதுதான் இண்டைக்கும் உந்தச் சுவர் அழுகுது" என்றார் உபதேசியார். பெருமழைக்குப் பிறகு சுவரில் ஈரம் கசிந்து உப்பு வெளியே வருமாம். அதைத்தான் அங்கே அழுகிறது என்கிறார்கள். வலது கோபுரம் எழும்புவதற்குள் சுவாமி காய்ச்சலில் போய்விட்டார். அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை.

தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தேன். படத்தில் பார்த்த கோதிக் கோவில்களில் கல்லாலான விலா வளைவுகள் தூணிலிருந்து கிளம்பி மேலே ஒன்றோடொன்று பின்னும். இங்கே கல் இல்லை, மரம். வேம்பும் இலுப்பையும். வளைத்து, பலகை அறைந்து, இடைவெளிகளை அடைத்து… எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறதே என்று யோசித்தேன். கவிழ்த்துவைத்த கப்பல். வல்வெட்டித்துறையிலிருந்து கப்பல் கட்டுகிற ஓடாவிமாரைத்தான் சுவாமி கூட்டிவந்தாராம். திருநீறு பூசின சைவர்கள். மரத்தை வளைக்க அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். அதையே தலைகீழாகச் செய்து தூக்கி வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றார். ஓவர்சியராகச் சொல்கிறேன், ஒழுகாது.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. தூண்களைப் பார்த்தேன்.

பதினாறு தூண்கள், பக்கத்துக்கு எட்டு. தலைப்புகளெல்லாம் மொட்டையாக இருந்தவை. ஒரு தடவை நல்லூர்ப் பக்கம் போன உபதேசியார், அங்கே கோபுர வேலையில் அண்ணனுடைய கையைப் பார்த்துவிட்டு, கெஞ்சிக் கூட்டிவந்திருக்கிறார். பிரான்சுப் படத்தில் தூண் தலைப்பில் ஏதோ இலைக்கொத்து. திராட்சை இலை என்றாராம் அப்போது இருந்த சுவாமி. அண்ணன் திராட்சைக் கொடியைக் கண்டானா! 'பார்க்காததைப் பிடிக்க மாட்டேன், உங்க ஊர் இலையைக் காட்டுங்க' என்றிருக்கிறான். முதல் தூணில் பூவரசு. இரண்டாவதில் வேம்பு. மூன்றாவதில் கொவ்வை. வெற்றிலை, முருங்கை, ஆமணக்கு, ஆடாதோடை… ஒவ்வொரு தூணுக்கும் ஒரு இலை, நரம்பு தெரிய, நுனி சுருண்டு, பூச்சி அரித்த ஓட்டை உட்பட. பூசைக்கு வருகிறவர்கள் 'நான் முருங்கைத் தூணடியிலை நிண்டனான்' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். இடது பக்கத்து எட்டையும் முடித்து வலது பக்கத்துக்கு வந்திருக்கிறான். பதினொன்று முடிந்திருக்கிறது.

பன்னிரண்டாவதில் காம்புகள் மட்டும் இருந்தன. ஆறு காம்பு, மேல்நோக்கி. இலை இல்லை. அதற்கப்பால் நாலு தூண் மொட்டை.

"இது என்ன இலை?" என்று கேட்டேன்.

"அது ஒருத்தருக்கும் தெரியாது தம்பி. அண்டைக்குக் காலமை ஏறேக்கை கேட்டனான். முடியேக்கை பாருங்கோ எண்டு சொன்னவர். கயிறு நைஞ்சிருந்ததை ஒருத்தரும் கவனிக்கேல்லை. பதினெட்டு அடிதான். ஆனால் கீழை கல்லெல்லோ."

நான் நாடாவை எடுத்து அளந்தேன். என்ன செய்வது என்று தெரியாதபோது அளப்பது என் தொழில். பதினெட்டு அடி நாலு அங்குலம். தூணின் சுற்றளவு, தூணுக்குத் தூண் இடைவெளி, வளைவின் அகலம், எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். வேறொருவரை வைத்து ஏன் முடிக்கவில்லை என்று கேட்டேன். "மனம் வரேல்லை" என்றார் உபதேசியார்.

வெளியே வரும்போது, இத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன். "அண்ணனுக்கு என் மேல கோபமா? ஏதாவது சொல்லியிருக்கானா?"

"கோபமே? உங்களைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. தம்பி கட்டடப் படம் கீறுறவன், இதையெல்லாம் ஒருநாள் அவன் வந்து பாக்கோணும், கூரையைப் பாத்தால் வாயைப் பிளப்பான் எண்டு சொல்லிச் சிரிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனுசன், அதுதான் கடிதம் போடேல்லை." அவர் கொஞ்சம் நின்று, "கையைக் கழுவிப்போட்டு ஒருக்கா ஊருக்குப் போகோணும் எண்டும் சொல்லுவார். அதேன் அப்பிடிச் சொல்லுறவர் எண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

நான் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு விளக்கம் சொல்ல வராத இடம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் புறப்பட்டேன். றோசம்மா மூன்று நாளும் பார்த்துப் பார்த்துப் போட்டாள், பிட்டு, சொதி, விளைமீன் குழம்பு, நண்டு, சுட்ட கருவாடு. துக்கத்திலும் நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். சேமக்காலையில் பால் ஊற்றி, கற்பூரம் கொளுத்தி, தெரிந்த தேவாரத்தில் நாலு வரி சொன்னேன். புது சுவாமி, இளவயசுக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். இனிமேல் அம்மாவின் கடிதத்தை வாசிக்கலாமா கூடாதா என்று றோசம்மா என்னிடம் கேட்டாள். வாசியுங்கள் என்றேன்.

கப்பலிலும் ரயிலிலும் வழியெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை ஒன்றுக்கும் உதவவில்லை. நான் தனியாக வாசலில் நின்றதைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. உட்கார்த்திவைத்துச் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். கோவிலைப் பற்றிச் சொன்னேன், கப்பல் கூரையை, பதினொரு இலைகளை, வேளாவேளைக்கு மீனாகவே போட்டதை. ஊர் பூராவும் அவனுக்காக அழுததைச் சொன்னேன். அம்மா அழவில்லை. தெருவில் சேதி தெரிந்து பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதபோதும் அவள் அழவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், "அன்னிக்கு அவன் சாப்ட்டுட்டுத்தான் ஏறினானாமா?" என்று கேட்டாள்.

நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. தூணுக்குத் தூண் இடைவெளி நோட்டில் இருக்கிறது. இது இல்லை.

"சாப்ட்டுட்டுத்தாம்மா ஏறினான்," என்றேன்.

"என்ன சாப்ட்டான்?"

"சோறும் மீன் குழம்பும். அந்த உபதேசியார் பெண்சாதிதான் போட்டாங்களாம். நல்லா சாப்ட்டான்னு சொன்னாங்க."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவில் வேலையில கை வச்சா முடிஞ்சு எறங்கற வரைக்கும் மீன் தொடமாட்டானேடா. உங்கப்பாவும் தொட்டதில்லை," என்றாள்.

எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து பார்த்தது. எனக்குத்தான் மறந்துவிட்டது.

"மீனைத் தவிர வேற கெடைக்காத ஊருங்கறே. எத்தனை நாளா அரைவயிறோ," என்றாள் அம்மா. "பசியோடதான்டா எம்புள்ளை ஏறியிருக்கான். கண்ணு இருட்டித்தான் விழுந்திருக்கான்."

கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.